முன்பணமும் தறியும்: கோலார் தங்கவயல் வட்டாரத்தை முன்வைத்து நெசவாளர் கடன் வரலாறு

முன்னுரை

நெசவாளரின் வறுமையைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் கூலிக் குறைவு, விசைத்தறிப் போட்டி, நூல் விலையேற்றம் ஆகிய மூன்றையும் காரணங்களாகக் காட்டுகின்றன. கடன் இம்மூன்றன் விளைவாகவே கருதப்படுகிறது. ஆயின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்க்குமிடத்து, கடன் நெசவுத் தொழிலின் விளைவாக மட்டுமன்றி, அதன் தொடக்க நிலையாகவும் இருந்து வந்துள்ளமை புலனாகிறது. தறியில் பாவு ஏறுவதற்கு முன்பே நூலுக்குப் பணம் வேண்டும். துணி விற்றுப் பணம் வருவதோ பல வாரங்கள் கழித்து. இவ்விடைவெளியை யார் நிரப்புகிறார், எந்த நிபந்தனையின்பேரில் நிரப்புகிறார் என்பதே நெசவுக் குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இந்நோக்கில் சிறுகடன் நெசவுக் குடும்பங்களுக்கு எவ்வாறு பயன்பட்டது, எங்கே பயன்படாது போயிற்று என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது. கோலார் தங்கவயல் வட்டாரம் இவ்வாய்வுக்கு மையமாகக் கொள்ளப்படுகிறது. தங்கவயல் நெசவூர் அன்று. எனினும் இந்திய வங்கிகள் சுயஉதவிக் குழுக்களுக்கு வழங்கிய முதற்கடன்கள் இவ்வட்டாரத்திலேயே வழங்கப்பட்டன. பட்டு நெசவின் முதற்படிகளாகிய மல்பெரிப் பயிரும் பட்டுநூற்பும் கோலார் மாவட்டத்தின் பெருந்தொழில்கள். வட்டிக்கடன் எதிர்ப்பின் முக்கிய நிகழ்வொன்றும் 2009இல் கோலார் நகரில் நிகழ்ந்தது. சிறுகடனின் தோற்றத்தையும் தளர்ச்சியையும் ஒருசேரக் காணத்தக்க நிலம் இதுவாகும்.

1. கோயிற் பொன்னும் நெசவாளர் குடியிருப்பும்

புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் காருகர் வாழ்ந்த இருக்கைகளைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. நெசவாளரின் இருப்பை அறிய இலக்கியம் துணைசெய்வது போல, அவர்தம் பொருளியல் உறவுகளை அறியக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் துணைசெய்கின்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் தறியிறை என்னும் வரிப்பெயர், தறி அரசின் கணக்கில் இடம்பெற்ற உடைமை என்பதனைக் காட்டுகிறது.

கடன் வரலாற்றுக்கு இன்றியமையாத சான்று, சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழன் காலச் செப்பேடாகும். பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த இச்செப்பேடு காஞ்சிபுரத்து ஊரகத்துக் கோயில் பற்றியது. அக்கோயிலுக்குரிய பொன் நகரின் நெசவாளர் குடியிருப்புகளில் வாழ்ந்தாரிடம் வட்டிக்கு வைக்கப்பட்டது. அவ்வட்டியால் வழிபாட்டுச் செலவுகள் நடைபெற்றன. கோயிற் கணக்கைக் கண்காணிக்கும் பொறுப்பும் நெசவாளர் குடியிருப்பினரிடமே ஒப்படைக்கப்பட்டது. அப்பொன் முழுவதும் தறியில் முதலீடாயிற்று எனக் கொள்ள இயலாது. ஆயினும் இருசெய்திகள் தெளிவு. ஒன்று, நெசவாளர் கடன்பெறும் தகுதியுடையோராக, கூட்டாகப் பொறுப்பேற்கும் குழுவினராகக் கருதப்பட்டனர். மற்றொன்று, கடன் கொடுத்த கோயில் அவர்தம் துணியை வாங்கும் வணிகராக இருக்கவில்லை. அதற்கு வேண்டியது வட்டி மட்டுமே. துணியை யாருக்கு விற்பது என்னும் உரிமையை அக்கடன் தொடவில்லை.

கோலாரும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானது அன்று. குவளாலம் என வழங்கிய இவ்வூர் சோழர் ஆட்சியில் நிகரிலிச் சோழ மண்டலத்தின் பகுதியாக விளங்கியது. கோலாரம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று பகர்கின்றன.

2. கும்பெனியின் முன்பணம்

கடன் கொடுப்பவரே துணி வாங்குபவராகவும் அமையும் முறை, ஏற்றுமதி வணிகம் பெருகிய காலத்தில் வலுப்பெற்றது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனி துணிக்கான முன்பணத்தை உள்ளூர் வணிகர் வழியே நெசவாளருக்கு அளித்தது. 1734இல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் குடியிருப்பாக உருவாக்கப்பட்டது. சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த அவ்விடத்தில், வெளியூர்களிலிருந்து நூற்போரும் நெய்வோரும் அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். வீடுகட்டிக் கொள்வதற்கும் அவர்களுக்குக் கடன் தரப்பட்டது. நெசவாளரைக் கும்பெனியின் அருகில் நிலைநிறுத்தும் கருவியாகக் கடன் பயன்பட்டமைக்கு இது நல்ல சான்று.

எனினும் தொடக்கத்தில் முன்பணம் நெசவாளரை முற்றிலும் கட்டிப்போடவில்லை. தென்னிந்திய நெசவாளர் குறித்து ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தினின்றும் விலகும் உரிமை நெசவாளரிடம் இருந்தமையை எடுத்துக்காட்டுகிறார். வேறொரு வணிகர் கூடுதல் விலை தருவாராயின் நெசவாளர் அவரிடம் செல்லலாம். ஊரைவிட்டே பெயரவும் செய்யலாம். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பெனி அரசியல் அதிகாரம் பெற்றபோது இவ்வுரிமை நசுக்கப்பட்டது. முன்பணத்தைத் திருப்பித் தந்தாலும் விலக இயலாது. குறித்த துணியைக் குறித்த விலைக்குக் கும்பெனிக்கே தரவேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. இங்கு மாறியது வட்டிவீதம் அன்று. விலகும் உரிமையே மாறியது. கடனின் தன்மையை அளக்க இது முதன்மையான அளவுகோல் எனலாம்.

3. நூலே கடனாதல்

ஏற்றுமதி வணிகம் வீழ்ந்து ஆலைநூல் பரவிய 19ஆம் நூற்றாண்டில், கும்பெனியின் இடத்தை உள்ளூர்ப் பெருநெசவாளரும் நூல் வணிகரும் பெற்றனர். முன்பணம் பணமாகத் தரப்படுவது குறைந்து நூலாகத் தரப்படலாயிற்று. நெசவாளர் பாவும் ஊடையும் முதலாளியிடம் பெறுவார், நெய்த துணியை அவரிடமே ஒப்படைப்பார், கூலி பெறுவார். திருமணம், நோய், மழைக்கால வேலையின்மை ஆகியவற்றுக்குக் கைமாற்றும் அவரிடமே பெறுவார். அக்கைமாற்று கூலியில் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். கடன் தீராதவரை வேறு முதலாளியிடம் பாவு வாங்க இயலாது. புதிய முதலாளி பழைய கடனை அடைத்து நெசவாளரை ஏற்றுக்கொள்வதும் உண்டு.

இம்முறையின் நன்மையும் மறுக்கத்தக்கது அன்று. துணி விற்காத இடர்ப்பாட்டை முதலாளி ஏற்கிறார். அடகுப் பொருள் கேட்பதில்லை. நள்ளிரவிலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். வங்கிக்கு இல்லாத இவ்வியல்புகளால்தான் பெருநெசவாளர் முறை இன்றளவும் நிலைத்துள்ளது. ஆனால் வட்டி எனப் பெயரிடப்படாத வட்டி, குறைந்த கூலியினுள் மறைந்திருக்கிறது. கடனின் விலையை நெசவாளர் அறிய இயலாமையே இம்முறையின் அடிப்படைக் குறை.

நூல் கிடைக்காவிடினும் துணி விலைபோகாவிடினும் தறி எவ்வாறு ஓயும் என்பதனை 1950களின் தொடக்கத்தில் தமிழகம் கண்டது. கைத்தறித் துணிகள் தேங்கின. நெசவாளர் பட்டினியால் தெருவுக்கு வந்தனர். தொ.மு.சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் என்னும் புதினம் 1953இல் இப்பின்னணியில் தோன்றியது. அவ்வாண்டிலேயே ஆலைத்துணிமீது தீர்வை விதித்துக் கைத்தறிக்கு நிதி திரட்டும் நடுவணரசுச் சட்டமும் இயற்றப்பட்டது.

4. கூட்டுறவு கண்ட விடை

கடனையும் நூலையும் சந்தையையும் ஒருவரே கையில் வைத்திருக்கும் நிலையை உடைக்கும் முதல் முயற்சி கூட்டுறவு இயக்கமாகும். ஐரோப்பிய நிலவங்கிகளையும் கூட்டுறவு வங்கிகளையும் ஆராய்ந்து பிரடரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கை இதற்கு வித்திட்டது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரையடுத்த திரூரில் கடன் சங்கம் தொடங்கப்பெற்றது.

உழவருக்குப் பணக்கடன் போதுமானதாக இருக்கலாம். நெசவாளருக்கு அது போதாது என்பது விரைவில் உணரப்பட்டது. பணத்தைக் கடனாகப் பெற்றாலும் நூலை அதே வணிகரிடம் வாங்கி, துணியை அதே வணிகரிடம் விற்க வேண்டியிருந்தது. எனவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூல் கொள்முதலையும் துணி விற்பனையையும் தாமே ஏற்கத் தலைப்பட்டன. அச்சங்கங்களின் தலைமைச் சங்கமாக 1935இல் அமைந்ததே பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனமாகும்.

கூட்டுறவின் சாதனை, கடன்-நூல்-சந்தை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் நெசவாளரின் பெயரால் இணைத்தமையாகும். அதன் தளர்ச்சியும் அவ்விணைப்பிலேயே இருந்தது. துணி தேங்கினால் சங்கத்தின் முதல் முடங்கும். முதல் முடங்கினால் நூல் வராது. நூல் வராவிடில் உறுப்பினர் மீண்டும் பெருநெசவாளரை நாடுவர். தள்ளுபடி மானியம் உரிய காலத்தில் வராமை, தறியில்லாதோர் பெயரில் இயங்கிய போலிச் சங்கங்கள் ஆகியனவும் இயக்கத்தை நலிவித்தன.

5. தங்கவயலும் சுற்றுச் சிற்றூர்களும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றபின் கோலார் தங்கவயல் பெருஞ்சுரங்க நகராக வளர்ந்தது. சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம், மைசூர்ச் சுரங்கம் ஆகியவற்றில் உழைத்தோருள் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவ்வடஆர்க்காட்டிலேயே, சென்னையிலிருந்து சோலையார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், கைலி நெசவுக்குப் பெயர்பெற்ற குடியாத்தம் உள்ளது. ஒருபுறம் மாதக்கூலி பெறும் சுரங்கம். மறுபுறம் முன்பணத்தில் வாழும் தறி. இரண்டிலும் வட்டிக்கடை இருந்தது. ஆயின் இரண்டின் கடனும் ஒருதன்மையன அல்ல. சுரங்கத் தொழிலாளிக்குச் சம்பள நாள் உறுதி. ஆதலின் அவர்பட்ட கடன் நுகர்வுக் கடன். நெசவாளர்க்கோ கடன், தொழிலின் உள்ளேயே அமைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் குடும்பங்களும் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறும் நிலைக்கு வந்தபோது, உறுதியான சம்பள நாள் என்பது அங்கும் மறைந்தது.

நகரைச் சூழ்ந்த பங்காருப்பேட்டை வட்டத்துச் சிற்றூர்களின் நிலை வேறு. மழையை நம்பிய கேழ்வரகு நிலமும், பட்டுப்புழு வளர்ப்பும், ஆடுமாடுமே அங்கு வாழ்வாதாரங்கள். திபெத்திய ஏதிலியரின் மறுவாழ்வுக்காக 1968இல் தொடங்கப்பெற்ற மைராடா என்னும் தொண்டு நிறுவனம், பின்னர்க் கிராம வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டுக் காமசமுத்திரப் பகுதியிலும் செயல்பட்டது. 1984–85 அளவில் அந்நிறுவனம் ஊக்குவித்த பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில, தலைவர்களின் ஆதிக்கத்தால் சிதைந்தன. ஆனால் உறுப்பினருள் சிலர் சிறுசிறு குழுக்களாகக் கூடித் தம் கடனைத் திருப்பித் தர முன்வந்தனர். ஆயின் பெரிய சங்கத்திடம் தர அவர்கள் விரும்பவில்லை. ஒருவரையொருவர் அறிந்த பதினைந்து இருபது பேர் சேமித்து, தமக்குள் கடன் கொடுத்து, தாமே வட்டி முடிவு செய்யும் குழுமுறை இவ்வாறு உருவாயிற்று. 1987இல் தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியாகிய நபார்டு, இக்குழுக்களுக்கென மைராடாவுக்கு 10 இலட்சம் ரூபாய் நல்கியது.

1991 டிசம்பரில் வைசியா வங்கியின் பங்காருப்பேட்டைக் கிளையும், 1992 ஜனவரியில் கார்ப்பரேஷன் வங்கியின் ஆண்டர்சன்பேட்டைக் கிளையும் அருகிலுள்ள மகளிர் குழுக்களுக்குக் கடன் வழங்கின. ஆண்டர்சன்பேட்டை தங்கவயல் நகரின் ஒரு பகுதி என்பது கருதத்தக்கது. பதிவு பெறாத குழுவொன்றுக்கு, அடகின்றி, குழுவின் பெயரிலேயே வங்கி கடன் தரலாம் என்பது இந்நிகழ்வுகளால் நடைமுறை ஆயிற்று. 1992 பிப்ரவரியில் நபார்டு 500 குழுக்களை இலக்காகக் கொண்டு நாடளாவிய முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் வங்கிச் சேமிப்புக் கணக்குடைய குழுக்கள் ஏறத்தாழ 1.4 கோடி. கடன் வழங்கிய அவ்விரு வங்கிகளும் பின்னாளில் பிற வங்கிகளுடன் இணைந்து பெயரிழந்தன. அவை தொடங்கிவைத்த முறை நிலைத்தது. எல்லைக்கு இப்பால் தருமபுரி மாவட்டத்தில் 1989இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டமும் இக்காலத்ததே.

6. மூங்கில் முக்காலி தரும் பாடம்

உலகறிந்த சிறுகடன் வரலாறு வங்காளதேசத்தின் ஜோப்ரா என்னும் ஊரில் தொடங்குகிறது. 1976இல் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் அவ்வூரில் 42 பேருக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்த தொகை மொத்தம் 27 டாலருக்குள் அடங்கும். அதற்குத் தூண்டுகோலாக அவர் கூறும் நிகழ்வு கருதத்தக்கது. மூங்கில் முக்காலி முடையும் பெண் ஒருவர் மூங்கிலுக்கான பணத்தை வணிகரிடம் கடனாகப் பெற்றார். அதன் பொருட்டு முக்காலியை அவ்வணிகருக்கே, அவர் குறித்த விலைக்கு விற்றார். மூங்கிலின் இடத்தில் நூலையும், முக்காலியின் இடத்தில் சேலையையும் வைத்தால் அது காஞ்சிபுரத்திற்கும் குடியாத்தத்திற்கும் பொருந்தும்.

அங்குச் சிறுகடன் பயன்பட்டதற்குக் காரணம் தொகையின் சிறுமை அன்று. மூங்கில் எங்கும் வாங்கத்தக்கது. முக்காலி யாருக்கும் விற்கத்தக்கது. எனவே கடன் மாறியதும் கட்டும் அவிழ்ந்தது. நெசவில் அவ்வாறு அன்று. பட்டுக்கும் சரிகைக்கும் பெருமுதல் வேண்டும். வடிவமைப்பு வணிகரிடம் உள்ளது. சேலையை வாங்குவோர் தொலைநகரங்களில் உள்ளனர். சிறுகடன் நூல் வாங்க உதவினாலும் சந்தையை வாங்கித் தராது.

7. வாரத் தவணையும் பாவின் காலமும்

சிறுகடன் நெசவுக்குப் பொருந்தாமைக்குக் காலமும் ஒரு காரணம். ஒரு பாவு நெய்து இறங்க மூன்று வாரம் ஆகும் என்றும், துணி கொடுத்த ஒரு வாரத்தில் பணம் வரும் என்றும் கொள்வோம். கடன்பெற்ற மறுவாரமே தவணை தொடங்குமாயின், முதல் வருமானம் கைக்கு வருமுன் மூன்று தவணைகள் கடந்துவிடும். அவற்றை நூலுக்கென வாங்கிய கடனிலிருந்தோ, வேறொரு கடனிலிருந்தோதான் கட்டவேண்டும். தொழிலுக்கான கடன் இவ்வாறு தன்னையே தின்னும். நாள்தோறும் பால் விற்பவருக்கும் காய்கறி விற்பவருக்கும் ஏற்ற தவணைமுறை தறிக்காரருக்கு ஏற்றதன்று. உறுப்பினரே கூடித் தவணையை முடிவு செய்யும் சுயஉதவிக் குழுவில் இதனைத் தளர்த்தலாம். தொலைவில் அச்சிட்ட அட்டையுடன் வரும் நிறுவனக் கடனில் தளர்த்துதல் அரிது.

இவ்வேறுபாடு கோலாரில் 2009இல் வெளிப்பட்டது. அந்நகரில் பட்டுநூற்புத் தொழிலிலும் அதன் கிளைத்தொழில்களிலும் ஈடுபட்ட குடும்பங்கள் பல, ஒரே காலத்தில் பல நுண்கடன் நிறுவனங்களிடம் கடன்பட்டிருந்தன. பட்டுத்தொழில் தளர்ந்தபோது வாரத் தவணை நிற்கவில்லை. கூட்டுப் பொறுப்பு என்னும் விதியால், ஒருவர் கட்டாத தவணை அண்டை வீட்டாரின் சுமையாயிற்று. நிலைமை முற்றியபோது, நகரிலிருந்த முஸ்லிம் சமுதாய அமைப்பு தவணை கட்ட வேண்டாமெனத் தம் மக்களுக்கு அறிவித்தது. சித்லகட்டா, இராமநகரம் முதலிய பட்டு ஊர்களிலும் இத்தகைய எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் பெருநெருக்கடி மூண்டு அவசரச் சட்டம் வந்தபோது நாடு விழித்தது. ஆனால் அதன் முன்னறிகுறி கோலாரிலேயே தோன்றியிருந்தது. முதற்குழுக் கடனுக்கும் இவ்வெதிர்ப்புக்கும் இடைப்பட்ட காலம் பதினெட்டு ஆண்டுகளே. பங்காருப்பேட்டையும் கோலாரும் ஒரே மாவட்டத்தின.

8. பிந்தைய மாற்றங்கள்

2011இல் மாலேகாம் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி நுண்கடன் நிறுவனங்களுக்கெனத் தனிவகையை ரிசர்வ் வங்கி உருவாக்கியது. 2022இல் வந்த நெறிமுறை, ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு அடகின்றித் தரும் கடனை நுண்கடன் என வரையறுத்தது. எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்றது. தவணைக் காலம் கடன் பெறுவோரின் தேவைக்கேற்ப அமைதல் வேண்டும் என்றும் கூறியது. நெசவாளரை நோக்கப் பின்னதே சிறப்புடையது. எனினும் வன்முறை வசூல் ஓயவில்லை. தற்கொலைகளையும் ஊரைவிட்டு ஓடுதலையும் அடுத்து, 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு கட்டாய வசூலைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதன்கீழ் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

நெசவாளர்க்கெனச் சலுகை வட்டிக் கடனும் நடுவணரசால் வழங்கப்படுகிறது. ஆயின் 2019–20இல் வெளியான நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டின் 31 இலட்சத்துக்கு மேற்பட்ட நெசவுசார் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு எனக் காட்டியது. இவ்வருமானத்தில் எவ்வளவு குறைந்த வட்டியும் சுமையே. கடன் வருமானத்தை முன்கூட்டிக் கொணரும். இல்லாத வருமானத்தைப் படைக்காது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

நெசவாளர் கடனின் வரலாற்றில் வட்டிவீதத்தைக் காட்டிலும் கடன் கொடுப்பவர்க்கும் துணி வாங்குபவர்க்கும் உள்ள உறவே முதன்மையானது. காஞ்சிபுரத்துக் கோயிற் பொன் நெசவாளரின் விற்பனை உரிமையைத் தொடவில்லை. கும்பெனியின் முன்பணம் அதனைப் பறித்தது. பெருநெசவாளரின் நூற்கடன் அதனைக் கூலியினுள் மறைத்தது. கூட்டுறவு அதனை மீட்க முயன்றது.

சுயஉதவிக் குழுவின் சிறுகடன், கைமாற்றுக்காக முதலாளியை நாடும் தேவையைக் குறைக்கும். நோய்க்கும் பள்ளிக்கட்டணத்திற்கும் குழுவில் பணம் கிடைக்குமாயின், நெசவாளர் வேறு முதலாளியிடம் கூலி பேசும் துணிவு பெறுவார். நெசவுக் குடும்பத்திற்குச் சிறுகடன் ஆற்றும் மெய்யான உதவி இதுவாகும். அது முதலாக அமைவதினும் விலகும் உரிமையாகவே மிகுதியும் பயன்படுகிறது.

தறியின் காலத்தை அறியாத தவணை அவ்வுரிமையை மீண்டும் பறித்துவிடும் என்பதற்குக் கோலார் சான்று. எனவே நெசவாளர்க்கான கடன்திட்டம் எதனையும், எவ்வளவு தொகை வழங்கப்பட்டது என்று அளப்பதினும், அதனைப் பெற்றபின் நெசவாளர் நூலைத் தாம் விரும்பிய இடத்தில் வாங்கவும், துணியைத் தாம் விரும்பியவர்க்கு விற்கவும், பாவு இறங்கிய பின் தவணை கட்டவும் இயன்றதா என்று அளப்பதே பொருத்தமாகும். அவ்வாறு அளக்கும்போதுதான் கடன் நெசவாளரின் கையில் கருவியாக உள்ளதா, கழுத்தில் கயிறாக உள்ளதா என்பது விளங்கும்.